காட்டுக்கு அடியில் ஒரு வில்லங்கம்!

அமெரிக்காவில் பெண்ணைக் கொடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. போன முதல் வாரம் நயாகரா, இரண்டாவது வாரம் வாஷிங்டன் என்று பரபரவென்று காட்டிவிடுவார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து நாமும் சோபாவும்தான். பிட்ஸ்பர்க்கில் எனக்கும் அதே கதி. பென் ஹில்ஸ் வெங்கடாசலபதியை நாலு தடவை சேவித்தாகிவிட்டது. ஐந்தாவது தடவை போனபோது பெருமாளே ‘ஓய், இன்னும் ஊருக்குக் கிளம்பலையா?’ என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மாப்பிள்ளைதான் ஆரம்பித்தார். “மாமா, அக்டோபர் மாசம், இலையெல்லாம் கலர் மாறியிருக்கும். அலிகேனி காட்டுக்கு ரெண்டு நாள் போயிட்டு வரலாம். நேஷனல் ஃபாரஸ்ட். அஞ்சு லட்சம் ஏக்கருக்கு மேல. முழுக்க முழுக்க கவர்மென்ட் நிலம்.”

“காட்டுல பாத்ரூம் இருக்குமா?” என்றாள் என் மனைவி. எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும் அவளுடைய முதல் கேள்வி அதுதான்.

எனக்கு வேறு இடத்தில் இடித்தது. நான் 34 வருஷம் பத்திரப் பதிவுத் துறையில் குப்பை கொட்டி, சார்பதிவாளராக ரிடையர் ஆனவன். ‘முழுக்க முழுக்க’ என்று யாராவது சொன்னால் காது தானாக நிமிரும். அத்தனை வருஷ சர்வீஸில், முழுக்க முழுக்க ஒருத்தருக்கே சொந்தமான நிலத்தை நான் பார்த்ததே கிடையாது. எங்கேயாவது ஒரு பெரியம்மா பெண் கையெழுத்துப் போடாமல் நிற்பாள்!

புளியோதரை, தயிர்சாதம், நார்த்தங்காய் சகிதம் கிளம்பினோம். வடக்கே நூறு மைல் போனால் டைட்டஸ்வில். காட்டுக்குப் போகிற வழியில் இதைப் பார்க்காமல் போனால் பாவம் என்றார் மாப்பிள்ளை. உலகத்தின் பெட்ரோல் தொழிலுக்கே பிள்ளையார் சுழி போட்ட ஊர்.

1859 ஆகஸ்ட் கடைசியில் இங்கேதான் எட்வின் டிரேக் என்ற மனிதர் அறுபத்தொன்பதரை அடி ஆழத்தில் எண்ணெயைக் கண்டார். அதுவரை அவரை ஊரே பைத்தியக்காரன் என்றது. ‘கர்னல் டிரேக்’ என்று பெயர். பட்டாளத்துக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கூடக் கிடையாது. ரயில்வே கண்டக்டராக இருந்தவர். ஊர்க்காரர்கள் மதிக்க வேண்டுமே என்று பணம் போட்ட முதலாளிகள் கடித உறையில் ‘கர்னல்’ என்று எழுதி அனுப்பினார்களாம். நம்ம ஊரில் ‘டாக்டர்’ போட்டுக்கொள்கிற மாதிரி! மண் சரிந்து சரிந்து கிணறு மூடிக்கொண்டபோது, இரும்புக் குழாயைப் பாறை வரைக்கும் அடித்து இறக்கி அதற்குள் துளை போடலாம் என்று யோசித்தார் பாருங்கள், அதுதான் பெரிய விஷயம். இன்றைக்கு நம்ம தெருவில் போர்வெல் போடுகிறவர் கேஸிங் பைப் இறக்குவதும் அதே யோசனைதான். அதற்கு டிரேக் பேடன்ட் வாங்கவில்லை. அதனால் அடுத்தவர்கள் பணக்காரர்கள் ஆனார்கள். அவர் நொடித்துப்போய், மாநில அரசு கொடுத்த பென்ஷனில் காலம் தள்ளிச் செத்தார். பென்ஷன்காரன் என்ற முறையில் எனக்கு அவர்மேல் தனி அபிமானம்.

வாஸலின் தெரியுமில்லையா? அதுவும் இந்தப் பக்கத்துச் சரக்குதான். பம்ப் கம்பியில் மெழுகு மாதிரி ஒட்டிக்கொண்டு தொல்லை கொடுத்த அழுக்கை, வேலைக்காரர்கள் வெட்டுக்காயத்தில் தடவிக்கொள்வதை செஸ்பரோ என்ற கெமிஸ்ட் பார்த்தார். சுத்தம் செய்து டப்பாவில் அடைத்து விற்றார். தினமும் ஒரு ஸ்பூன் சாப்பிடவும் செய்தாராம். 96 வயது வரை இருந்தார். என் மனைவி ஹேண்ட்பேகிலிருந்து வாஸலின் டப்பாவை எடுத்து ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தாள். சாப்பிடவில்லை.

பக்கத்திலேயே பிட்ஹோல் என்று ஒரு ஊர் இருந்தது. ‘இருந்தது’தான். 1865-ல் எண்ணெய் கிடைத்ததும் சில மாதங்களில் பதினைந்தாயிரம் பேர் வந்து குவிந்தார்கள். ஓட்டல், நாடகக் கொட்டகை, போஸ்ட் ஆபீஸ், எல்லாம். எண்ணெய் வற்றியதும் காலி. இப்போது வெறும் புல்வெளி. அங்கே 1865-ல் இருபது லட்சம் டாலருக்குக் கைமாறிய ஒரு இடம், 1878-ல் 4 டாலர் 37 சென்ட்டுக்குப் போனது. அந்தக் கிரயப் பத்திரத்தைப் பதிவு செய்த ஆபீசர் என்ன முகபாவத்தோடு சீல் குத்தியிருப்பார் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலத்துக்கு முன்னால் காட்டுக்குள் நுழைந்துவிட்டோம். நான் வாயைத் திறந்தவன் மூடவில்லை. மலைச் சரிவு முழுக்க மஞ்சள், ஆரஞ்சு, ரத்தச் சிவப்பு. ‘ஹார்ட்ஸ் கன்டென்ட்’ என்று ஓர் இடம். மனசு நிறைஞ்ச இடம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அங்கே வெள்ளைப் பைன், ஹெம்லாக் மரங்கள் முன்னூறு, நானூறு வருஷமாக நிற்கின்றன. தஞ்சாவூரை நாயக்கர்கள் ஆண்டபோது முளைத்த கன்றுகள்! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது. உள்ளே சத்தமே இல்லை. என் மனைவி கூடக் கொஞ்ச நேரம் பேசவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கிழட்டு மரங்கள் இருபது ஏக்கரை ஒரு மரக் கம்பெனிதான் 1922-ல் தானமாகக் கொடுத்தது. ஏனென்றால் சுற்றிலும் மிச்சமெல்லாம் அதற்குள் மொட்டை! தோல் பதனிட ஹெம்லாக் பட்டை வேண்டும் என்று வெட்டினார்கள், பலகைக்கு வெட்டினார்கள், மிச்சமிருந்த குச்சியைக் கரிக்கும் மர ஆல்கஹாலுக்கும் வெட்டினார்கள். ‘அலிகேனி புதர்க்காடு’ என்று கேலி செய்கிற நிலைமைக்கு வந்தது. மழை பெய்தால் மண்ணைக் கரைத்துக்கொண்டு ஆறு பிட்ஸ்பர்க் பக்கம் ஓடியது. அப்போதுதான் அரசாங்கம், 1911-ல் வந்த ஒரு சட்டத்தின்படி, நீர்ப்பிடிப்பைக் காப்பாற்றுவதற்காக இந்த மொட்டை நிலங்களை விலைக்கு வாங்கி, 1923-ல் தேசிய வனம் என்று அறிவித்தது. இன்றைக்கு நாம் பார்க்கிற காட்டில் பெரும்பகுதி நூறு வருஷத்துக்குள் வளர்ந்த பிள்ளைதான். கறுப்புச் செர்ரி மரம் இங்கே தானாக மண்டி வளர்ந்து, மேஜை நாற்காலி செய்கிறவர்கள் போட்டி போட்டு வாங்குகிற சரக்காகிவிட்டது.

மறுநாள் காலை இன்னும் கொஞ்சம் உள்ளே போனோம். ஒரு திருப்பத்தில் மாப்பிள்ளை பிரேக் போட்டார்.

“ஏங்க, அங்க பாருங்க, ஏத்தம்!” என்று கத்தினாள் என் மனைவி.

நிஜமாகவே ஏற்றம் மாதிரிதான் இருந்தது. மரங்களுக்கு நடுவே கிராவல் கொட்டி நிரவிய ஒரு சதுரம். அதன் நடுவில் ஒரு இரும்பு ஏற்றம், ஆள் இல்லாமல் தன்பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பச்சை பெயின்ட் அடித்த தொட்டி. மண்ணெண்ணெயும் அழுகின முட்டையும் கலந்த மாதிரி லேசான வாடை. நூறு தப்படி தள்ளி இன்னொன்று. அதற்கப்பால் இன்னொன்று. தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மைகளைக் காடு முழுக்க வைத்த மாதிரி! ஒவ்வொன்றுக்கும் ஒரு மண் ரோடு கிளை பிரிந்து போகிறது.

“மாப்பிள்ளை, கவர்மென்ட் எண்ணெய் எடுக்குதா?”

“தெரியலையே மாமா...” மாப்பிள்ளை கம்ப்யூட்டர்காரர். தரையில் இருப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

தெரிந்தவர் ஒரு பிக்கப் வண்டியில் வந்தார். எழுபது வயது இருக்கும். பேஸ்பால் தொப்பி, கையில் ஒரு டேப். தொட்டியில் எண்ணெய் மட்டம் அளக்க வந்தவர். தினமும் நாற்பது கிணறுகளைச் சுற்றி வருகிற ‘பம்பர்’ வேலையாம். நான் ‘குட்மார்னிங்’ சொல்லி, ‘இது கவர்மென்ட் எண்ணெயா?’ என்றேன்.

மனிதர் சிரித்தார். “மரம் கவர்மென்ட்டுது. நீங்க நிக்கற தரை கவர்மென்ட்டுது. அதுக்குக் கீழே இருக்கறது எங்க முதலாளியுது. அவர் தாத்தாவுக்குத் தாத்தா வாங்கினது.”

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. காட்டைப் பார்த்து வராத சிலிர்ப்பு! 34 வருஷமாகத் தேடிய வில்லங்கம் இதுதான்.

விஷயம் என்னவென்றால், அரசாங்கம் வாங்குவதற்கு முன்பே எண்ணெய்க்காரர்கள் இந்த மலைகளுக்கு வந்துவிட்டார்கள். வடக்கே பிராட்ஃபோர்ட் என்ற ஊரின் எண்ணெய்க் களம் மட்டும் 1881-ல் அமெரிக்க எண்ணெயில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் கொடுத்தது. அந்த ஊரில் ஹாம்பர்கர் கடை வாசலில், கார் நிறுத்துகிற இடத்திலேயே ஒரு பழைய எண்ணெய்க் கிணறு இருக்கிறது! அப்படிப்பட்ட சீமையில் நிலத்தை விற்கிறவன் அடியில் இருப்பதை விடுவானா? ‘மேல் தரையும் மரமும் உங்களுக்கு, கீழே உள்ள எண்ணெயும் வாயுவும் எனக்கு’ என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டான். வேறு சில நிலங்களில் அந்த வரி முன்னாலேயே எழுதப்பட்டு, அடிப்பாகம் வேறொருவர் கையில் இருந்தது. அரசாங்கமும் சரி என்றது. கீழே உள்ளதையும் கேட்டால் விலை எகிறும். அதற்கு வேண்டியது தண்ணீரும் மரமும்தான். விளைவு? இந்தக் காட்டின் அடிப்பாகத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்கு தனியாருடையது. மாப்பிள்ளையின் ‘முழுக்க முழுக்க’ நூற்றுக்கு ஏழாகிவிட்டது!

நம்ம பழைய பத்திரங்களை நினைத்துக்கொண்டேன். ‘நிதி நிக்ஷேப ஜல தரு பாஷாண...’ என்று மூச்சு விடாமல் ஒரு வரி வரும். புதையல், புதைத்து வைத்தது, தண்ணீர், மரம், கல் என்று அஷ்டபோகங்களையும் சேர்த்து விற்றேன் என்று அர்த்தம். பத்திர எழுத்தர்கள் மந்திரம் மாதிரி எழுதுவார்கள். வாங்கினவனுக்கும் புரியாது, விற்றவனுக்கும் புரியாது. அலிகேனிக்காரர்கள் அந்த மந்திரத்தைப் புரிந்துகொண்டு அதில் நிக்ஷேபத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டவர்கள்!

“அப்ப காட்டிலாகா உங்களைத் தடுக்க முடியாதா?” என்று கேட்டேன்.

“அறுபது நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும். ரோடு எங்க போடறது, எந்த மரம் வெட்டறதுன்னு உக்காந்து பேசணும். வேண்டாம்னு மட்டும் சொல்ல முடியாது.”

அந்த அறுபது நாள் 1980-ல் ஒரு கோர்ட் தீர்ப்பில் வந்தது. 2009-ல் சுற்றுச்சூழல் சங்கங்கள் வழக்குப் போட்டதில் காட்டிலாகா சமரசத்துக்கு வந்து, ‘இனி ஒவ்வொரு கிணற்றுக்கும் முதலில் சுற்றுச்சூழல் ஆய்வு, அப்புறம்தான் அனுமதி’ என்று ஒப்புக்கொண்டது. புதுக் கிணறுகள் நின்றுபோயின. எண்ணெய்க்காரர்கள் விடுவார்களா? அந்த வருஷம் டிசம்பரிலேயே ஈரி நகர ஃபெடரல் கோர்ட் தடை கொடுத்தது. 2011-ல் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ காட்டிலாகாவுக்கு அதிகாரமில்லை, எண்ணெய்க்காரன் மேல்தரைக்குரிய மரியாதையோடு நடந்துகொண்டால் போதும் என்று.

எனக்கு இதில் இரண்டு மனசு. பத்திரம் பார்த்தவனாக, தீர்ப்பு சரி. விற்காததை வாங்கினதாகச் சொல்லக் கூடாது. ஆனால் முந்தின நாள் அந்த நானூறு வருஷ மரத்தடியில் நின்றவனாக, எவனோ மொட்டைக்காட்டை விற்றபோது எழுதின ஒரு வரி, நூறு வருஷம் வளர்ந்த காட்டுக்குள் ரோடு போடுகிறதே என்று இருந்தது.

கிழவருக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை. தன் அப்பா காலத்து இன்ஜின்களைப் பற்றி உற்சாகமாகப் பேசினார். நடுவில் ஒரு கேஸ் இன்ஜின் வைத்து, அதிலிருந்து காட்டுக்குள் நீளநீளமாகக் கம்பிகள் இழுத்து, பத்து இருபது பம்ப்களை ஆட்டுவார்களாம். புகைக்குழாய் முனையில் ஒரு கருவி மாட்டி, ஒவ்வொரு இன்ஜினும் ஒவ்வொரு சுருதியில் குரைக்கும்படி செய்து வைப்பார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே எந்த இன்ஜின் நின்றுவிட்டது என்று காதால் கண்டுபிடித்துவிடலாம். “எங்கப்பா தூக்கத்துலயே எழுந்து போவார்” என்றார்.

பழைய கிணறு ஒன்றையும் காட்டினார். பெரணிச் செடிக்குள் துருப்பிடித்த ஒரு குழாய், அவ்வளவுதான். யாருடையது, எப்போது தோண்டினது, தெரியாது. பென்சில்வேனியாவில் 1950-களுக்கு முன் கிணறு தோண்ட அனுமதியே வாங்க வேண்டாம். யுத்த காலத்தில் இரும்புக்காகக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, மரக்கட்டையைச் செருகிவிட்டுப் போனவர்களும் உண்டு. அந்த ஓட்டைகள் வழியாக வாயு கசிகிறது, உப்புத் தண்ணீர் ஊறுகிறது. இந்த மாதிரி அனாதைக் கிணறுகளை அடைக்க 2021-ல் அமெரிக்கா முழுமைக்குமாக 470 கோடி டாலர் ஒதுக்கினார்கள். எண்ணெய் விற்ற காசு கர்னல்களுக்கு, அடைக்கிற காசு சர்க்காருக்கு!

“இதெல்லாம் சில்லறை மாமா” என்றார் மாப்பிள்ளை. அதற்குள் அவர் போனில் படித்துத் தேறியிருந்தார். இந்தக் கிணறுகள் ஒன்றிரண்டாயிரம் அடி ஆழத்து மணற்பாறையில் இருந்து எடுப்பவை. அதற்கும் வெகு கீழே, சில இடங்களில் ஒரு மைல் ஆழத்தில், ‘மார்செல்லஸ் ஷேல்’ என்று ஒரு கறுப்புக் களிப்பாறை. சுமார் 39 கோடி வருஷத்துக்கு முந்தின கடல் சேறு. அதில் வாயு இருக்கிறது, ஆனால் வெளியே வராது. நேரே இறங்கி, அப்புறம் பக்கவாட்டில் மைல் கணக்கில் துளைத்து, ஒரு கிணற்றுக்கு நாற்பது ஐம்பது லட்சம் காலன் தண்ணீரை மணலோடு அழுத்திச் செலுத்திப் பாறையை விரிசல் விட வைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் 2004-க்கு அப்புறம் பிடித்துக்கொண்ட வித்தை. 2011-ல் அமெரிக்க நிலவியல் துறை அந்தப் பாறையில் எடுக்கக்கூடிய வாயு 84 டிரில்லியன் கன அடி என்றது. 2019-ல் அதை 96-க்கு மேல் உயர்த்தியது. காட்டுக்கடியில் மட்டுமல்ல, நியூயார்க்கிலிருந்து மேற்கு வர்ஜீனியா வரை பரந்து கிடக்கிற பாறை அது.

பாறையை வெடித்துச் சுரக்க வைக்கிற யோசனையும் இங்கே பழசுதான். 1865-லேயே டைட்டஸ்வில்லில் ராபர்ட்ஸ் என்பவர் கிணற்றுக்குள் வெடிகுண்டு இறக்கினார். அவர் பேடன்ட் வாங்கிவிட்டார், டிரேக் மாதிரி ஏமாறவில்லை. அவருக்குக் காசு கொடுக்காமல் ராத்திரி நிலா வெளிச்சத்தில் திருட்டுத்தனமாக வெடித்தவர்களால்தான் ‘மூன்லைட்டிங்’ என்ற வார்த்தையே வந்தது என்கிறார்கள். மாப்பிள்ளை லேசாக நெளிந்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

சரி, நூறு வருஷத்துக்கு முன் பத்திரம் எழுதினவனுக்கு இந்தப் பாறை தெரியுமா? தெரியாது. அப்படியானால் அது யாருக்கு? இந்தக் காட்டுப் பத்திரங்களில் பெரும்பாலும் எண்ணெய், வாயு என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் இதே மாநிலத்தில் வேறொரு நிலம். 1881-ல் எழுதின பத்திரத்தில் ‘தாதுக்களும் பெட்ரோலிய எண்ணெய்களும்’ என்று மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வாரிசுகள், ‘ஷேல் பாறை தாதுதானே, அதில் உள்ள வாயுவும் எங்களுக்கு’ என்றார்கள். 2013-ல் மாநில சுப்ரீம் கோர்ட் ‘இல்லை’ என்றுவிட்டது. தாது என்றால் சாதாரண ஜனங்கள் எதைப் புரிந்துகொள்கிறார்களோ அதுதான், வாயு வேண்டுமென்றால் வாயு என்று எழுதியிருக்க வேண்டும் என்று 1882 தீர்ப்பைக் காட்டி. ஒரு வார்த்தை, சார்! ஒரே ஒரு வார்த்தை எழுதாமல் விட்டதில் போயிற்று.

அதைக் கேட்டதும் என் முகம் மாறியதை மனைவி கவனித்துவிட்டாள். காருக்குள் ஒன்றும் சொல்லாமல் நார்த்தங்காய் டப்பாவை நீட்டினாள்.

சொல்லிவிடுகிறேன். 1990-களில் எங்கள் ஊர்ப் பக்கம், நாகப்பட்டினத்துக்கு மேற்கே, எண்ணெய் தேடி வந்தார்கள். நம்ம ஊரில் கதை தலைகீழ். மேலே பட்டா நமக்கு, கீழே உள்ள எண்ணெயை எடுக்க லைசென்ஸ் கொடுப்பது அரசாங்கம். வந்த கம்பெனி எங்கள் குடும்ப நிலத்தில் நாலு மாவைக் குத்தகைக்குக் கேட்டது. அண்ணன் விவசாயி. பத்திரத்தை எடுத்துக்கொண்டு என் ஆபீஸுக்கு பஸ் ஏறி வந்தார். “நீ பாத்துச் சொன்னா போதும்டா” என்றார். நான் பார்த்தேன். கடைசியில் ஒரு வரி: நிலத்தை ‘இயன்ற அளவு’ பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டியது. “எல்லாம் சரியா இருக்கு, போடுங்கண்ணே கையெழுத்தை” என்றேன். அன்றைக்கு ஆபீஸில் கல்யாண முகூர்த்தக் கூட்டம் மாதிரி கூட்டம்.

கிணற்றில் ஒன்றும் வரவில்லை. மூன்று வருஷத்தில் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். கொட்டின கிராவலை அள்ளுவது அவர்களுக்கு இயலவில்லை! நாலு மாவும் கல்லும் கருவேலமுமாகக் கிடக்கிறது. 2017-ல் நெடுவாசல் போராட்டம் நடந்தபோதும், 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டு, புதிதாக எண்ணெய்க் கிணறு கூடாது என்றபோதும் அண்ணன் பேப்பரைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். ஒரு நாள் கூட ‘நீதானேடா பாத்துச் சொன்னே’ என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

அன்றைக்கு ராத்திரி வாரன் என்ற ஊரில் ஒரு மோட்டலில் தங்கினோம். பாத்ரூம் பிரமாதம் என்று சான்றிதழ் கிடைத்தது. ஒன்பது மணிக்கு அண்ணனுக்கு போன் போட்டேன். அங்கே விடிந்து ஆறரை. காட்டைப் பற்றிச் சொன்னேன். மேலே சர்க்கார், கீழே தனியார் என்று சொன்னேன். ‘அப்படியா, அப்படியா’ என்று கேட்டுக்கொண்டார்.

“அங்கயும் கிராவல் கொட்டித்தான் போடறானா?”

“ஆமாண்ணே.”

“வேலை முடிஞ்சா அள்ளிடறானா?”

“பழைய இடத்துல எல்லாம் அள்ளலை. அதுமேலயே மரம் முளைச்சிருக்கு. பெரிய பெரிய மரம்.”

“எத்தனை வருஷமாச்சாம்?”

“நூறு இருக்கும்ணே.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. காக்கா கரைவது மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“சரிடா, வரும்போது நல்ல டார்ச் லைட் ஒண்ணு வாங்கிட்டு வா” என்றார் அண்ணன். “ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறப்ப அந்தக் கல்லுல கால் இடறுது.”